இருநூறு மீட்டர் தள்ளி நின்ற வேடியப்பன்

போன வாரம் நடுகல் தேடி அலையும் தம்பி ஒருவர் ஃபோன் பண்ணினார். "அண்ணா, பழைய ஜிபிஎஸ் தடமெல்லாம் வேற வேற ஃபைல்ல கிடக்கு. ஒரு மேப் சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொன்னுக்கு எப்படி மாத்தறது?"

"மாத்தறது அஞ்சு நிமிஷ வேலை தம்பி. மாத்தின பிறகு அது அதே இடம்தானான்னு பார்க்கிறதுதான் பெரிய வேலை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பின் கதை. அதைச் சொல்ல 1802-க்குப் போய்விட்டு வர வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009: ஒரு கருவி, ஒரு நோட்டு

எங்கள் பகுதியை வெளியூர்க்காரர்கள் சிப்காட், டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்றுதான் அறிவார்கள். தொழிற்பேட்டைக்கு வெளியே பத்து கிலோமீட்டர் போனால் வேறொரு ஊர். ஏரிக்கரையில், மாந்தோப்பு ஓரத்தில், வயல் வரப்பில் நடுகற்கள் நிற்கும். ஆநிரை மீட்டுச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன், ஊருக்காகச் செத்தவன். பல இடங்களில் மக்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கல்வெட்டு தமிழிலும் இருக்கும், கன்னடத்திலும் இருக்கும். எல்லைப் பகுதி என்றால் அப்படித்தான்.

2009-ல் நாங்கள் மூன்று பேர் சனி, ஞாயிறுகளில் இந்தக் கற்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தோம். கையில் ஒரு கையடக்க ஜிபிஎஸ், ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு கேமரா. ஒவ்வொரு கல் முன்னாலும் நின்று, திரையில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகையை நோட்டில் எழுதுவோம். நேரத்தையும் எழுதுவோம். கருவி பின்னணியில் நாங்கள் நடந்த தடத்தைத் தானே பதிவு செய்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து தடத்தை இறக்குவேன். நோட்டில் இருக்கும் எண்களை எக்செல்லில் தட்டி, அதையும் தடத்தையும் சேர்த்து கேஎம்எல் ஃபைலாக்கி, கூகுள் எர்த்தில் போட்டு எல்லோருக்கும் அனுப்புவேன். ஓர் ஆண்டில் இருபத்து மூன்று கற்கள்.

2016-ல் சூளகிரிப் பக்கம் ஓர் ஏரிக்கு மேலே நிலம் சமன் செய்து மனை பிரிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. "அங்க நம்ம கல் ஏதாவது இருக்கா?" என்று நண்பர் கேட்டார். கேஎம்எல்லைத் திறந்து பார்த்தேன். எங்கள் வேடியப்பன் லேஅவுட்டுக்குத் தென்கிழக்கே, ஏரிப் புறம்போக்கில் பத்திரமாக நின்றார். "இல்ல, தள்ளித்தான் இருக்கு" என்று பதில் அனுப்பினேன். யாரும் மனு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நடந்திருக்குமா என்பது வேறு கேள்வி. கொடுக்க வேண்டாம் என்று சொன்னது நான்.

ஃபைல்களின் குடும்பக் கதை

ஜிபிஎஸ் தடம் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். அவ்வளவுதான். இதை எப்படி எழுதி வைப்பது என்பதில்தான் ஒவ்வொருவரும் தனித்தனி வழக்கம் வைத்திருக்கிறார்கள்.

மூத்தது என்எம்இஏ 0183. 1983-ல் கப்பல் கருவிகள் ஒன்றோடொன்று பேச வந்த ஏற்பாடு. இதில் 1244.454 என்று இருந்தால் 12 டிகிரி 44.454 நிமிடம் என்று பொருள். தசமமாக மாற்றினால் 12.7409, அதாவது ஓசூர். இது தெரியாமல் புள்ளியை மட்டும் நகர்த்தி 12.44454 என்று படித்தால், இடம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும்.

பிறகு ஓஸிஎக்ஸ்ப்ளோரர். ஸ்கேன் செய்த காகித வரைபடத்தின் மேல் தடம் போட ரொம்பப் பேர் பயன்படுத்திய மென்பொருள். அதன் பிஎல்டி ஃபைலில் உயரம் அடிக்கணக்கில் இருக்கும். உயரம் தெரியாவிட்டால் -777 என்று எழுதும். அதை அப்படியே மீட்டராக எடுத்துக்கொண்டால் தேன்கனிக்கோட்டை மலை கடலுக்கடியில் போய்விடும். ஆனால் அந்த ஃபைலில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. இரண்டாவது வரியிலேயே, இந்த எண்கள் எந்த டேட்டத்தில் எடுத்தவை என்று எழுதிவிடும். டேட்டம் என்றால் என்ன என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

2002-ல் டோப்போகிராஃபிக்ஸ் நிறுவனம் ஜிபிஎக்ஸ் வடிவத்தை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டதால் எல்லோருக்கும் பொதுமொழியானது. 2004-ல் கீஹோல் நிறுவனத்தை கூகுள் வாங்கியது, அவர்களுடைய கேஎம்எல் கூகுள் எர்த்தோடு உலகம் முழுக்கப் பரவியது. ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தர ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பல ஆண்டுகள் எனக்குச் சோறு போட்ட மாதிரி அது.

ஜிபிஎக்ஸில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டுக்கும் பெயர் போட்டிருக்கும். கேஎம்எல்லில் பெயர் கிடையாது, தீர்க்கரேகைதான் முதலில் வரும். எக்செல்லிலிருந்து நாமே எழுதும்போது இது மாறிப்போனால் ஓசூர் எங்கே போகும் தெரியுமா? நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவை ஒட்டிய கடலுக்கு. 77.83 என்பது செல்லுபடியாகும் அட்சரேகைதான் என்பதால் மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தராது.

இன்னொரு வித்தியாசம்தான் என் கதைக்கு முக்கியம். ஜிபிஎக்ஸ் தடத்தில் புள்ளிக்குப் புள்ளி நேரம் இருக்கும், அதுவும் உலகப் பொது நேரத்தில். நம் காலை 10.20 அதில் 04.50. கேஎம்எல்லின் சாதாரணக் கோட்டில் நேரமே கிடையாது. பின்னாளில் கூகுள் தனி நீட்டிப்பாகத்தான் அதைச் சேர்த்தது. கோடாக மாற்றிய நொடியில், நீங்கள் எங்கே நடந்தீர்கள் என்பது மிஞ்சும், எங்கே நின்றீர்கள் என்பது போய்விடும்.

லாம்டன் அளந்த பூமி

இனி டேட்டம். 1799-ல் நான்காம் மைசூர்ப் போர். அதில் ஒரு இரவு நடையின்போது, படை எதிரியின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று நட்சத்திரம் பார்த்துச் சொன்ன அதிகாரி என்று வில்லியம் லாம்டனைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. திப்பு வீழ்ந்த பிறகு, தென்னிந்தியாவைக் குறுக்காக முக்கோணம் முக்கோணமாக அளக்கலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். இரண்டு ஆண்டு கழித்து பெங்களூரில் சரிபார்க்க இன்னொரு அடிக்கோடு. சென்னையிலிருந்து முக்கோணக் கணக்காக வந்த நீளத்துக்கும், தரையில் சங்கிலி வைத்து அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் குன்றுகள் மேலும் கோபுரங்கள் மேலும் ஏற்றிச் செய்த வேலை. 1808-ல் தஞ்சைக் கோபுரத்தில் ஏற்றும்போது அது மோதி நசுங்கியது. லாம்டனே அதைச் சரி செய்தார்.

இந்த அளவுகளை வைத்துத்தான் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு போட்டார். பூமி சரியான உருண்டை இல்லை, கொஞ்சம் நசுங்கிய உருண்டை. எவ்வளவு நசுங்கியது, நடு ஆரம் எவ்வளவு? 1830-ல் அவர் தந்த விடைதான் எவரெஸ்ட் நீள்கோளம். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ தாள்கள் எல்லாம் அதன் மேல் போட்டவை. ஓசூர் 57 எச்/14, கிருஷ்ணகிரி 57 எல்/2 என்ற தாள்களும் அப்படித்தான்.

ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறு உருண்டை. டபிள்யூஜிஎஸ் 84 என்று பெயர். எவரெஸ்ட் கணக்கில் நடுக்கோட்டு ஆரம் 63,77,276 மீட்டர். டபிள்யூஜிஎஸ் 84-ல் 63,78,137 மீட்டர். எவரெஸ்ட் உருண்டை இந்தியாவுக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டது என்பதால், அதன் மையம் பூமியின் மையத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேல் விலகியிருக்கிறது. எவரெஸ்ட் தப்பாக அளந்தார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர் நம் நிலத்துக்குச் சட்டை தைத்தார், செயற்கைக்கோள்காரர்கள் உலகம் முழுவதுக்கும் தைத்தார்கள்.

எந்த உருண்டை, அதை எங்கே பொருத்தினோம் என்ற இந்த ஏற்பாட்டுக்குத்தான் டேட்டம் என்று பெயர். ஒரே கல்லுக்கு இரண்டு டேட்டத்தில் இரண்டு விதமான எண் வரும். வழக்கமாகப் பயன்படும் மாற்றக் கணக்கைப் போட்டால், நம் பகுதியில் வித்தியாசம் இருநூறு மீட்டர் வாக்கில். எவரெஸ்ட் எண்ணை எடுத்து டபிள்யூஜிஎஸ் 84 வரைபடத்தில் அப்படியே குத்தினால், புள்ளி தென்கிழக்கே இருநூறு மீட்டர் தள்ளி விழும்.

2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே நூறு மீட்டர் வரை பிழை சேர்த்து வைத்திருந்தது. அந்த இரைச்சலுக்குள் இந்த இருநூறு மீட்டர் அவ்வளவாகக் கண்ணில் படாது. அதை நீக்கிய பிறகுதான் டேட்டம் பிழை தனியாகத் தெரியத் தொடங்கியது. தெரிய வேண்டியவர்களுக்கு, அதாவது. எனக்குத் தெரியவில்லை.

அரபிக் கடலில் எட்டு நடுகல்

தெரிந்துபோன ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவர் யூடிஎம் முறையில் எண் எழுதுவார். உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக அறுபது மண்டலமாக வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் மீட்டரில் இடம் சொல்லும் முறை. மண்டலம் 43 முடிந்து 44 தொடங்கும் கோடு கிழக்குத் தீர்க்கரேகை 78. அது ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, சூளகிரியை ஒட்டிப் போகிறது. ஓசூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல் கிழக்கே வந்தால், மீட்டர் எண் ஏறிக்கொண்டே வந்து 8,25,000-ஐத் தாண்டும். சூளகிரிப் பக்கம் திடீரென்று 1,74,000 சொச்சத்துக்குக் குதிக்கும். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த புதிய தாள்களிலும் ஓசூர் டி43, கிருஷ்ணகிரி டி44.

நண்பர் நோட்டில் மண்டல எண்ணை எழுதவில்லை. நான் எல்லாவற்றையும் 43 என்று போட்டேன். சூளகிரிக்குக் கிழக்கே எடுத்த எட்டு நடுகற்களும் அறுநூற்றைம்பது கிலோமீட்டர் மேற்கே, அரபிக் கடலில் போய் விழுந்தன. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அரை மணி நேரத்தில் திருத்தியாயிற்று.

இதே நடுவெளியில் இதற்கு முன்னும் ஒரு கோடு இருந்தது. 1792 உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் கும்பினிக்குப் போனது. ஓசூர் 1799 வரை திப்புவிடம் இருந்தது. பிறகு இரண்டும் சேலம் மாவட்டம், 1965-ல் தருமபுரி மாவட்டம், 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம். பழைய கல்வெட்டு அறிக்கையில் 'சேலம் மாவட்டம், ஓசூர் வட்டம்' என்று படித்துவிட்டு இன்று சேலத்தில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். முகவரி சரிதான். எந்தக் காலத்து முகவரி என்பதுதான் விடுபட்டது.

2018: பழைய சிடி

தப்பு வெளிப்பட்டது தற்செயலாக. 2018-ல் வீடு மாறும்போது 2009-ல் எழுதிய சிடி ஒன்று கிடைத்தது. உள்ளே கருவியிலிருந்து நேரடியாக இறக்கிய ஜிபிஎக்ஸ் ஃபைல்கள், நேரத்தோடு. அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் தடத்தை 'சேவ்' கொடுத்தால் புள்ளிகளைக் குறைத்து நேரத்தையும் நீக்கிவிடும். நல்ல வேளை, நான் சேவ் கொடுக்காமல் அப்படியே இறக்கியிருந்தேன். புத்திசாலித்தனம் இல்லை, சோம்பேறித்தனம்.

சும்மா ஒரு ஆர்வத்தில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். தடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்ற இடங்களை மட்டும் எடு. கல் முன்னால் நின்று படம் எடுக்க, அளக்க, எழுத எப்படியும் கால் மணி நேரம் ஆகும். ஆகவே நின்ற இடங்கள் எல்லாம் கற்களாகத்தான் இருக்க வேண்டும். நோட்டில் இருந்த நேரத்தோடு ஒப்பிட்டேன், ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து. அச்சாகப் பொருந்தியது.

இடம் பொருந்தவில்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு கல்லும் இருநூறு மீட்டர் தள்ளி, ஒவ்வொன்றும் தென்கிழக்கே. பதினைந்தோ இருபதோ இல்லை, இருபத்து மூன்றும்.

பிழை தாறுமாறாக இருந்தால் கருவி மேல் சந்தேகம் வரும். எல்லாம் ஒரே திசையில், ஒரே தூரத்தில் என்றால் அது மனிதன் செய்தது. உட்கார்ந்து யோசித்ததில் பிடிபட்டது. 2009-ல் டோப்போ தாளோடு ஒத்துப்போக வேண்டும் என்று கருவியின் டேட்டத்தை இந்திய டேட்டத்துக்கு மாற்றியது நான்தான். அந்த மாற்றம் திரையில் காட்டும் எண்ணுக்கு மட்டும். உள்ளே சேமிக்கும் தடம் எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84. ஆக தடம் ஒரு டேட்டத்தில், நோட்டு இன்னொரு டேட்டத்தில். இரண்டையும் ஒரே கேஎம்எல்லில் ஊற்றிக் கலக்கினேன். கேஎம்எல், ஜிபிஎக்ஸ் இரண்டிலும் எண்கள் டபிள்யூஜிஎஸ் 84 என்பதே விதி. வேறு எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதுவே என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஜிபிஎஸ்பேபல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

முதலில் சூளகிரிக் கல்லைத் திருத்தினேன். வடமேற்கே இருநூறு மீட்டர். ஏரிப் புறம்போக்கிலிருந்து எழுந்து, லேஅவுட்டின் நடுவே போய் நின்றது.

போய்ப் பார்த்தேன்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். செம்மண் கொட்டிச் சமன் செய்து, வெள்ளையடித்த எல்லைக்கற்கள் நட்டிருந்தார்கள். ஜிபிஎக்ஸ் புள்ளி சொன்ன இடத்தில் முப்பதடிச் சாலை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன்.

"இங்க ஒரு வேடியப்பன் கல் இருந்துச்சே, ஆயா?"

"ஆமாப்பா, இருந்தாரு. பொக்லைன்காரன் உடைக்க மாட்டேன்னுட்டான். கையெடுத்துக் கும்பிட்டுட்டுத் தூக்கி அந்தப் புளியமரத்துக்கிட்ட சாய்ச்சு வெச்சான். நீ எங்கிருந்து வர்ற?"

புளியமரத்தடியில் சாய்ந்திருந்தார். இடது மூலை கொஞ்சம் உடைந்திருந்தது. வில்லும் குத்துவாளும் அப்படியே இருந்தன. யாரோ மஞ்சள் பூசி, செவ்வரளி வைத்திருந்தார்கள். ஊர் அவரைக் கைவிடவில்லை. கைவிட்டது எங்கள் கேஎம்எல்.

கல் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நடுகல் எடுப்பதில் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. அதில் நடுவதும் ஒரு நிலை. ஒருவனுக்கு அந்த ஏரிக்கு மேலே, அந்தத் திசை பார்த்து ஏன் நட்டார்கள் என்பதும் கல்வெட்டு மாதிரி ஒரு சான்றுதான். பக்கத்தில் வேறு கற்கள் மண்ணுக்குள் இருந்ததா? பழைய வழி அதன் முன்னால் போனதா? அந்தத் தரையை இனி யாரும் படிக்க முடியாது. அது நின்ற இடத்துக்கு மிஞ்சியிருக்கும் ஆதாரம், ஒரு பழைய சிடியில் இருந்த பதினான்கு புள்ளிகள். பதினான்கும் மூன்று நான்கு மீட்டருக்குள் நெருங்கி நிற்கின்றன. 2009-ல் நாங்கள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்த கால்தடம்.

அரபிக் கடலில் விழுந்த எட்டுக் கற்களைப் பார்த்துச் சிரித்தோம் என்றேன் அல்லவா? அது நல்ல பிழை. தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். இருநூறு மீட்டர் பிழை ஏரிக்கரையில், புல் தரையில், நடுகல் இருக்கக்கூடிய இடத்தில் போய் நிற்கும். நம்பும்படியான இடத்தில் நிற்பதால்தான் ஒன்பது ஆண்டு நம்பினேன்.

அந்தத் தம்பிக்குக் கடைசியில் சொன்னது இதுதான். கருவியிலிருந்து வந்த மூல ஃபைலை எந்தக் காரணத்துக்கும் அழிக்காதே. மாற்றியது எல்லாம் நகல்தான். நோட்டில் எண் எழுதினால் பக்கத்தில் டேட்டம், மண்டல எண், தேதி, நேரம் எழுது. மாற்றி முடித்ததும், எங்கே இருக்கிறது என்று உனக்குக் கண்ணால் தெரிந்த ஒரு இடத்தை அதில் சரிபார். எங்களுக்கு இப்போது அது ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலை. ஒவ்வொரு பயணத்தையும் அங்கே ஒரு புள்ளி எடுத்துத்தான் தொடங்குகிறோம். லாம்டன் பெங்களூரில் இரண்டாவது அடிக்கோடு அளந்தது எதற்காக? தன் கணக்கைத் தானே நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இருபத்து மூன்றையும் திருத்திப் புது ஃபைல் போட்டு, பழைய ஃபைல் வாங்கிய எல்லோருக்கும் அனுப்பினேன், தப்பு என்னுடையது என்ற குறிப்போடு. மிச்சம் இருபத்திரண்டில் இன்னும் இரண்டு, கட்டுமானம் நடக்கும் நிலத்துக்குள் வந்தன. இந்த முறை மனு கொடுத்தோம். ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. இன்னொன்றுக்கு அடுத்த வாரம் போகிறோம்.